விழுந்துவிடுமோ என்ற பயம்: ஆர்.சி. ஹெலிகாப்டர் பழகுவோருக்குக் கேள்வி பதில்

ஆர்.சி. ஹெலிகாப்டர், அதாவது ரேடியோ கருவியால் தொலைவிலிருந்து இயக்கும் சிறிய ஹெலிகாப்டர் பழகத் தொடங்கிய அன்பர்கள் கேட்டிருக்கும் கேள்விகளுக்கு, பல ஆண்டுகளாகப் பறக்கவிட்டும் பலருக்குப் பழக்கிவிட்டும் வருபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். ஏறக்குறைய எல்லோரும் பயத்தைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பயத்துக்குள் இரண்டு பயங்கள் கலந்து கிடக்கின்றன. பொருள் உடைந்துபோகுமே என்பது ஒன்று, சுழலும் பிளேடு யாரையாவது வெட்டிவிடுமே என்பது மற்றொன்று. முதலாவதை விட வேண்டும், இரண்டாவதை எந்நாளும் விடக்கூடாது. கீழே வரும் பதில்களை இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

சிமுலேட்டரில் நான்கு மாதம் பழகிவிட்டேன், அதில் நன்றாக ஓட்டுகிறேன். மைதானத்தில் பேட்டரியைச் செருகியதுமே கை நடுங்குகிறது. ஏன்? – கோயம்புத்தூர் அன்பர்

சிமுலேட்டரில் ஹெலி விழுந்தால் ஒரு பொத்தானை அழுத்தியதும் புதிய ஹெலி வந்து நிற்கிறது. அதனால் உங்கள் விரல்கள் பழகியிருக்கின்றன, ஆனால் இழப்பு உண்டு என்று தெரிந்த நிலையில் அதே விரல்களை இயக்குவதற்கு நீங்கள் இன்னும் பழகவில்லை. இதைச் சிமுலேட்டரிலேயே ஓரளவு சரிசெய்யலாம். ஓர் இரவுக்கு ஒரே ஒரு ஹெலிதான் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். விழுந்துவிட்டால், தொடங்கி இரண்டு நிமிடமே ஆகியிருந்தாலும் கணினியை அணைத்துவிட்டு எழுந்துவிட வேண்டும். மூன்றாம் நாளிலேயே உள்ளங்கை வியர்க்கத் தொடங்கும். அந்த வியர்வையோடு பழகுவதே மைதானத்துக்கு உதவும். கூடவே சிமுலேட்டரில் காற்றையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மைதானத்தில், சிமுலேட்டரில் தெரிந்ததில் கால்வாசியை மட்டும் செய்யுங்கள். முதல் ஐந்து பேட்டரிகளுக்கு ஏற்றுவது, அரை நிமிடம் அந்தரத்தில் நிறுத்துவது, இறக்குவது என்பதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். இன்னொன்றையும் பலரிடம் கவனித்திருக்கிறேன்: ஹெலி தரையை விட்டு எழுந்ததும் மூச்சை அடக்கிக்கொள்கிறார்கள், அரை நிமிடத்தில் தோள் இறுகிவிடுகிறது. அதனால் பக்கத்தில் நிற்பவரிடம் நீங்கள் செய்வதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுங்கள். "வலப்பக்கம் நகர்கிறது, பிடிக்கிறேன்" என்று பேசிக்கொண்டிருப்பவரால் மூச்சை அடக்க முடியாது.

பயத்தினால் முழங்கால் உயரத்துக்கு மேல் ஏற்றுவதில்லை. ஆனாலும் ஹெலி நிலைகொள்ளாமல் ஆடிக்கொண்டே இருக்கிறது. என்ன கோளாறு? – திருச்சி அன்பர்

கோளாறு ஹெலியில் இல்லை, உயரத்தில் இருக்கிறது. 450 என்ற அளவு வகையைச் சேர்ந்த ஹெலியில் சுழலியின் (மேலே சுற்றும் பிளேடுகளின்) விட்டம் ஏறக்குறைய 70 சென்டிமீட்டர். தரையிலிருந்து அந்த விட்டத்தின் அளவுக்குள் நிற்கும்போது, சுழலி கீழே தள்ளும் காற்று தரையில் மோதிச் சிதறி மீண்டும் சுழலிக்கே வந்து சேர்கிறது. அந்தக் கலங்கிய காற்றின் மீது வழுக்கும் மெத்தையில் நிற்பது போல ஹெலி நழுவும். பழகுபவர்கள் பாதுகாப்பு என்று நம்பித் தங்கும் அந்த உயரம்தான், தேர்ந்த கைக்கும் வேலை அதிகம் வைக்கிற உயரம். திருத்துவதற்கு அங்கே நேரமும் கிடைக்காது. முழங்கால் உயரத்தில் ஸ்கிட்டின் (ஹெலி தரையில் நிற்கும் காலின்) ஒரு முனை சாய்ந்தால் அடுத்த கணமே அது தரையைத் தொட்டுவிடும்.

இதைவிட ஆபத்தானது தரையில் முழுதாக நிற்காமலும் முழுதாக எழாமலும் தயங்குவது. ஃப்ளைபார் (சுழலியை நிலைப்படுத்தும் குச்சி) இல்லாத இன்றைய ஹெலிகளில், தரையில் நின்றபடி சைக்ளிக் ஸ்டிக்கை (ஹெலியைச் சாய்க்கும் ஸ்டிக்கை) ஒரு பக்கம் தள்ளினால், ஹெலி இன்னும் சாயவில்லையே என்று கருதிக் கட்டுப்பாட்டுக் கருவி ஸ்வாஷ் பிளேட்டை (பிளேடுகளின் கோணத்தை மாற்றும் தட்டை) மேலும் மேலும் சாய்த்துக்கொண்டே போகும். எடை பாதி தூக்கிய அந்த நிலையில் ஒரு ஸ்கிட் புல்லில் சிக்கினால் ஹெலி அப்படியே பக்கவாட்டில் புரண்டுவிடும். ஆகவே சுழலி முழு வேகம் பெறும் வரை காத்திருங்கள், சைக்ளிக் ஸ்டிக்கை நடுவில் விட்டுவிடுங்கள், பிறகு தயக்கமின்றி ஒரே சீராக மார்பு உயரத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். எழுந்ததும் இடப்பக்கம் சற்று நகரப் பார்க்கும். மேலிருந்து பார்க்கையில் கடிகாரச் சுற்றாகச் சுழலும் ஹெலியில், வால் சுழலியின் தள்ளுதல் மொத்த உடலையும் இடப்புறம் இழுக்கும். அதனால் சிறிது வலப்பக்கம் சாய்ந்து நிற்பதே அதற்கு இயல்பான நிலை. இதைக் கோளாறு என்று நினைத்துப் பயப்படுபவர்கள் மிகப் பலர்.

பழகுவதற்கு ஸ்கிட்டில் குறுக்காகக் கட்டும் பந்து வைத்த குச்சிகள் தேவையா? – சேலம் மாணவர்

முதல் பத்து, பதினைந்து பேட்டரிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தரத்தில் நிறுத்த வந்ததும் கழற்றிவிடுங்கள். எடையும் காற்றுத் தடையும் கூடுவதால் ஹெலி மந்தமாகும், கை அந்த மந்தத்துக்கே பழகிவிடும்.

வால் என் பக்கம் இருக்கும்வரை கவலை இல்லை. மூக்கு என்னை நோக்கித் திரும்பியதும் மூளை உறைந்துவிடுகிறது. – சிங்கப்பூர் அன்பர்

மூக்கு உங்களை நோக்கியிருக்கும்போது இடமும் வலமும் முன்னும் பின்னும் உங்கள் பார்வைக்கு மாறிவிடுகின்றன. யோசித்துக் கண்டுபிடிக்க நேரம் இருக்காது. ஆகவே ஒரே ஒரு விதியைக் கையில் ஏற்றுங்கள்: எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ள வேண்டும், சாயும் பந்தல்காலுக்கு முட்டுக் கொடுப்பது போல.

நேராக மூக்கு நிலைக்குப் போகாதீர்கள். வால் நிலையிலிருந்து வாலை முப்பது பாகை திருப்பி அங்கேயே ஒரு முழு பேட்டரி நில்லுங்கள். அடுத்த நாள் மறுபக்கம் முப்பது பாகை. பிறகு பக்கவாட்டு நிலை, அதைத் தாண்டியது, கடைசியில் மூக்கு. ஒரு பக்கம் எளிதாக வந்ததும் அதையே திரும்பத் திரும்பச் செய்வது மனித இயல்பு. வராத பக்கத்துக்கு இருமடங்கு நேரம் கொடுங்கள். எந்தக் கோணத்தில் பயம் வருகிறதோ அந்தக் கோணம் இன்னும் பழகவில்லை என்று பொருள், அன்றிரவு சிமுலேட்டரில் அதை மட்டும் ஓட்டுங்கள்.

ஆபத்து என்றால் ஸ்டிக்கைக் கீழே இழுத்துவிடுகிறேன், ஹெலி தரையில் அறைந்து உடைகிறது. த்ராட்டில் ஹோல்டை (மோட்டாரை நிறுத்தும் சுவிட்சை) எப்போது போட வேண்டும்? – மதுரை அன்பர்

பிட்ச் (பிளேடின் கோணம்) மாறும் ஹெலியில், உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்டிக்கை அடிவரை இழுத்தால் பிளேடுகள் எதிர்க்கோணத்துக்குப் போய் ஹெலியைத் தரையை நோக்கித் தள்ளும். அது விழவில்லை, நீங்களே அறைகிறீர்கள். பழகும் காலத்தில் நார்மல் மோடில் (சாதாரணப் பறப்புக்கான அமைப்பில்) ஸ்டிக் அடியில் இருக்கும்போது வரும் கோணத்தை மைனஸ் இரண்டு அல்லது மூன்று பாகையோடு நிறுத்திவையுங்கள்.

காப்பாற்ற முடியாது என்று தெரிந்த கணத்தில், பிளேடு தரையைத் தொடுமுன் ஹோல்டு விழ வேண்டும். ஹோல்டு மோட்டாரை மட்டும் நிறுத்தும், பிட்ச் கட்டுப்பாடு உங்கள் கையிலேயே இருக்கும். மோட்டார் விசையோடு மோதும் ஹெலியில் மெயின் கியர் பல் பறந்து, சர்வோக்களின் (பிளேடுகளின் கோணத்தை மாற்றும் சிறு மோட்டார்களின்) பற்கள் உடைந்து, பிளேடு வால் குழாயையும் வெட்டிவிடும். விசை இல்லாமல் விழுந்தால் சேதம் பெரும்பாலும் பிளேடு, பிளேடுகளைத் தாங்கும் ஃபெதரிங் ஷாஃப்ட் என்ற அளவில் நின்றுவிடும். இதைத் தனியாகப் பழக வேண்டும். சிமுலேட்டரில் விழும் ஒவ்வொரு முறையும் ஹோல்டு போட்ட பிறகே விழ வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவிட்ச் எங்கே என்று விரல் தேடக் கூடாது.

ரெஸ்க்யூ பொத்தான் உள்ள ஹெலி வாங்கலாமா? அது சோம்பேறியாக்கிவிடும் என்கிறார்கள். – சென்னை அன்பர்

தாராளமாக வாங்குங்கள். 'பிளேடு' (Blade) என்ற பெயரில் விற்கப்படும் 230 எஸ் போன்ற ஹெலிகளிலும், ஸ்பிரிட், விபார் போன்ற கட்டுப்பாட்டுக் கருவிகளிலும் இந்த வசதி உண்டு. அழுத்தியதும் ஹெலி நிமிரும், சில கருவிகளில் மேலேயும் ஏறும். பயம் குறைந்தவர் கூடுதல் நேரம் பழகுகிறார், அதுவே போதுமான நியாயம். ஆனால் நிமிர்வதற்கு உயரம் வேண்டும், மோட்டாரும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஹோல்டு போட்ட பிறகு ரெஸ்க்யூ காப்பாற்றாது. தாழ்வாகப் பறக்கையில் ஹோல்டு, உயரத்தில் ரெஸ்க்யூ என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு ஏற்றுங்கள்.

என் மகனுக்குப் பதினான்கு வயது. பெரிய ஹெலி கேட்கிறான். ஆபத்தில்லையே என்கிறான். உண்மையா? – தாய் ஒருவர், ஈரோடு

உண்மையில்லை அம்மா. 450 வகை ஹெலியின் சுழலி நிமிடத்துக்கு 2,500 முறை சுற்றினால், பிளேடு நுனியின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 330 கிலோமீட்டர். அதைவிடப் பெரிய 700 வகையில் அது இன்னும் கூடுதல். 2013 செப்டம்பரில் நியூயார்க் நகரின் புரூக்லின் பகுதியிலுள்ள கால்வர்ட் வாக்ஸ் பூங்காவில், 19 வயது இளைஞர் ஒருவர் தம்முடைய பெரிய ஹெலியின் பிளேடு தாக்கி இறந்தார். அவர் புதிதாகப் பழகியவர் அல்லர், தேர்ந்தவர். நான் புதியவர்களிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

மகனுக்கு உள்ளங்கையில் அடங்கும் சிறிய ஹெலியைப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து பழகக் கொடுங்கள். இலேசாக இருப்பதால் புல்லில் விழுந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அது எல்லாத் திசையிலும் வசப்பட்ட பிறகு 450 வகை வரலாம். அப்போது அவன் பத்து மீட்டருக்குக் குறையாமல் தள்ளி நிற்க வேண்டும், அவனுக்குப் பின்னால் தவிர வேறெங்கும் ஆள் இருக்கக் கூடாது, பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். ஹெலி தன் பக்கம் வந்தால் அதைக் காப்பாற்ற நினைக்காமல் ஹோல்டு போட்டுத் தரையில் போட்டுவிட வேண்டும். பொருளைப் பற்றிய பயத்தை முன்பே விட்டவனால்தான் இந்த முடிவை உடனே எடுக்க முடியும்.

முதல் 450 ஹெலி இரண்டு மாதத்துக்கு முன் விழுந்தது. பெட்டியிலேயே கிடக்கிறது. தொட மனம் வரவில்லை. – புதுச்சேரி அன்பர், பணி ஓய்வு பெற்றவர்

உங்கள் நிலை எனக்கு நன்றாகத் தெரியும் ஐயா. என் முதல் 450 செம்மண் தரையில் விழுந்தபோது பிளேடு வால் குழாயை வெட்டியிருந்தது. நான்கு இரவுகள் உட்கார்ந்து சரிசெய்தேன். சுழலியைச் சுற்றும் தண்டான மெயின் ஷாஃப்டைக் கழற்றி, சன்னல் கண்ணாடித் துண்டின் மீது வைத்து மெல்ல உருட்டினேன். ஒவ்வொரு சுற்றிலும் ஷாஃப்டுக்கும் கண்ணாடிக்கும் இடையில் மெல்லிய வெளிச்சக் கீற்று தோன்றி மறைந்தது. வளைவு அவ்வளவுதான், தலைமயிரளவு. அதைக் கண்ணால் பார்த்ததும், இத்தனை நாள் மனத்தில் பெரிதாக இருந்த விபத்து மாற்றக்கூடிய ஐந்தாறு உதிரிகளாகச் சுருங்கியது. அடுத்தடுத்த விபத்துகளுக்கு ஒரு மாலைப் பொழுதே போதுமானதாயிற்று. இரண்டு மெயின் ஷாஃப்ட், இரண்டு ஃபெதரிங் ஷாஃப்ட், ஒரு மெயின் கியர், ஒரு வால் குழாய், இரண்டு சோடி பிளேடு ஆகியவற்றை அப்போதிருந்து வீட்டில் வைத்திருக்கிறேன். உதிரி கையிருப்பில் இருக்கும்போது ஸ்டிக்கைப் பிடிக்கும் கையே வேறாகிவிடுகிறது.

இன்றே பெட்டியைத் திறங்கள். முதலில் பேட்டரியைப் பாருங்கள். உப்பியோ குத்துப்பட்டோ இருந்தால் மீண்டும் சார்ஜ் போடாமல் வீட்டுக்கு வெளியே பாதுகாப்பான இடத்தில் வைத்துவிடுங்கள். விரிசல் விழுந்த பிளேடை ஒட்டிப் பயன்படுத்தாதீர்கள். ஷாஃப்டுகளைக் கண்ணாடியில் உருட்டிப் பாருங்கள், சர்வோக்களைக் கையால் அசைத்துப் பல் தட்டுகிறதா என்று உணருங்கள், உலோகத்தில் இறங்கும் ஒவ்வொரு திருகுக்கும் தளராமல் பிடிக்கும் லாக்டைட் பசை ஒரு சொட்டு இடுங்கள். கட்டி முடித்ததும் மோட்டார் கம்பிகளைக் கழற்றிவிட்டு மின் இணைப்புக் கொடுத்து, ஹெலியைக் கையில் பிடித்து மூக்கை இடப்பக்கம் திருப்புங்கள். அதை மீண்டும் வலப்பக்கம் கொண்டுவரும் திசையில் வால் பிளேடுகள் அசைய வேண்டும். அதே போல முன்னால் சாய்த்தால் ஸ்வாஷ் பிளேட் பின்னால் சாய வேண்டும். இவை தலைகீழாக இருந்தால் எழும்பிய கணத்திலேயே மறுபடி விழும்.

காற்றில்லாத ஒரு காலைப் பொழுதில், கூட்டம் இல்லாத இடத்தில், ஒரே ஒரு பேட்டரியோடு செல்லுங்கள். மார்பு உயரத்துக்கு ஏற்றி, வாலை உங்கள் பக்கம் வைத்து, முப்பது எண்ணும்வரை நிறுத்தி, இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். இரண்டாவது பேட்டரியை அடுத்த வாரம் எடுத்துச் செல்லலாம்.