ஆல்ஃபாஃபோல்ட் மாதிரியை அப்படியே டாக்கிங்குக்குப் போடலாமா?

கேள்வி: கொள்ளு விதையில் யூரியாவைச் சிதைக்கும் நொதியான யூரியேஸ் புரதத்தைத் தடுக்கும் மூலக்கூறுகளை டாக்கிங் மூலம், அதாவது ஒரு மூலக்கூறு புரதத்தில் எங்கே, எப்படிப் பொருந்தும் என்று கணினியில் கணித்து, தேடுவதுதான் என் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட். புரதத்தைப் படிகமாக்கி அளந்தறிந்த படிக அமைப்பு கையில் இல்லை, செயற்கை நுண்ணறிவு மென்பொருளான ஆல்ஃபாஃபோல்ட் கணித்த முப்பரிமாண மாதிரி மட்டும் இருக்கிறது. அது போதுமா?

பதில்: அப்படியே போடாதீர்கள். மாதிரி மோசம் என்பதால் இல்லை. யூரியேஸ் வேலை செய்வதே இரண்டு நிக்கல் அயனிகளை வைத்துத்தான், தரவுத்தளத்தில் இறக்கும் ஆல்ஃபாஃபோல்ட் 2 மாதிரியில் அவை இருக்காது.

முதலில் மாதிரியின் ஒவ்வொரு பகுதியும் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அடர் நீலம் என்றால் நம்பிக்கை மதிப்பெண் 90-க்கு மேல், வெளிர் நீலம் 70 முதல் 90, மஞ்சளும் ஆரஞ்சும் அதற்குக் கீழே. 50-க்கும் கீழே போன ஆரஞ்சுப் பகுதியை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். யூரியேஸ் பரிணாமத்தில் அதிகம் மாறாத புரதம், அதனால் வினை நடக்கும் குழி பெரும்பாலும் அடர் நீலமாகவே வரும், பலரும் ஏமாறுவது இங்கேதான்: அந்த மதிப்பெண் சங்கிலி எப்படி மடிந்திருக்கிறது என்பதற்கு மட்டும்தான், குழிக்குள் என்ன உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு இல்லை.

சரி, நிக்கலுக்கு எங்கே போவது? தம்பட்டங்காய் இனத்தைச் சேர்ந்த ஜாக் பீனின் யூரியேஸை ஜேம்ஸ் சம்னர் 1926-லேயே படிகமாக்கிவிட்டார், நொதி என்பது புரதம்தான் என்று காட்டியதும் அதை வைத்துத்தான், ஆனால் அதன் அணு அளவிலான அமைப்பு வெளிவந்தது 2010-இல். அதைச் செய்தது நம் சென்னைப் பல்கலைக்கழகம்! புரத அமைப்புகளைச் சேமித்து வைக்கும் புரதத் தரவு வங்கியில் (PDB) அதன் எண் 3எல்ஏ4 (3LA4). அதை இறக்கி, உங்கள் மாதிரியை அதன்மேல் பொருத்தி, அதிலுள்ள இரண்டு நிக்கலையும் எடுத்து உங்கள் மாதிரிக்குள் வையுங்கள். அப்புறம் ஜாக் பீன் யூரியேஸின் சங்கிலியில் 490-ஆவதாக வரும் லைசீன் என்ற அமினோ அமிலத்தைக் கவனியுங்கள். அது வெறும் லைசீன் இல்லை, கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து கார்பமேட்டாகி இரண்டு நிக்கலையும் இணைத்துப் பிடித்திருக்கிறது. கொள்ளில் அதற்கு இணையான லைசீனையும் அப்படியே மாற்றுங்கள், வரிசை எண் கொஞ்சம் தள்ளி வரலாம்.

குழியின் வாயில் ஒரு மடல் திறந்து மூடும், 592-ஆவது அமினோ அமிலமான சிஸ்டீன் (ஜாக் பீன் எண்படி) அதில்தான் இருக்கிறது. மாதிரி காட்டுவது ஒரே ஒரு நிலையை. திறந்த நிலை, மூடிய நிலை இரண்டிலும் டாக்கிங் செய்து பார்ப்பது நல்லது.

புது மூலக்கூறுகளைத் தொடும் முன், யூரியேஸைத் தடுக்கும் என்று ஏற்கெனவே தெரிந்த அசிட்டோஹைட்ராக்சாமிக் அமிலத்தை முதலில் போடுங்கள். பாக்டீரிய யூரியேஸின் படிகத்தில் அதன் ஆக்சிஜன்கள் நிக்கலைப் பிடித்திருக்கின்றன. உங்கள் கணினியில் அது வேறு எங்காவது போய் ஒட்டினால், நிக்கலின் மின்னூட்ட அமைப்பைச் சரிசெய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.