கேளுங்க, சொல்றேன்: பக்கத்து நாட்டுச் சேனலும் பக்கத்து வீட்டு வயரும்

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் தெருக் கேபிள்காரர் மாதம் 100 ரூபாய் கூடக் கேட்டு, வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் சேனல் இரண்டு விடுகிறார். படம் தெளிவாகத்தான் வருகிறது. நடுவில் மட்டும் திரையில் ஏதோ ஒரு நம்பர் வந்து வந்து மறைகிறது. பார்க்கிற எங்களுக்கு வம்பு எதுவும் வருமா? (வாசகர், திசையன்விளை)

பதில்: அந்த நம்பரில்தான் வம்பே இருக்கிறது, ஆனால் உங்களுக்கு இல்லை, அவருக்கு. அவர் செய்திருப்பது அநேகமாக இதுதான்: வீட்டு உபயோகத்துக்கு என்று ஒரே ஒரு பாக்ஸ் வாங்கி, அதிலிருந்து வருகிற படத்தை மாடுலேட்டரில் (படத்தைக் கேபிளில் ஒரு சேனலாக ஏற்றிவிடும் கருவி) ஏற்றித் தெரு முழுக்க விடுகிறார். சேனல்காரர்களும் சும்மா இருப்பதில்லை, ஒவ்வொரு பாக்ஸுக்கும் உரிய நம்பரை அங்கிருந்தே திரையில் மின்ன வைப்பார்கள், அவர்கள் ஆள் யாராவது உங்கள் தெருவில் ஒரு வீட்டு டிவியை போட்டோ எடுத்துவிட்டால் போதும், பாக்ஸ் யார் பேரில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 37-ஆவது பிரிவு, ஒளிபரப்பை அனுமதியில்லாமல் எடுத்து மறுபடி ஒளிபரப்புவதையும், காசு வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்குக் காட்டுவதையும் தடுக்கிறது. 63-ஆவது பிரிவில் 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். பார்க்கிறவரைப் பற்றி அதில் பேச்சில்லை. அப்புறம் கேபிள் விதிகள் தனி. மத்திய அரசிடம் பதிவாகாத சேனல் எதையும், அது எந்த நாட்டுச் சேனலானாலும் சரி, கேபிளில் விடக்கூடாது. புகார் கலெக்டரிடமோ சப்-கலெக்டரிடமோ போனால், மிஷினைத் தூக்கிக்கொண்டு போக அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

இவ்வளவும் சொல்லிவிட்டேன், ஆனால் எனக்கு இதில் பெரிய யோக்கியன் மாதிரிப் பேச வாய் வரவில்லை, ஏனென்றால் நான் இலங்கை அரசு டிவியான ரூபவாஹினி பார்த்து வளர்ந்தவன். 1982-இல் அது தொடங்கியது, தூர்தர்ஷனின் கொடைக்கானல் டவர் வருவதற்கு முன்னாலேயே நம் கடற்கரை ஊர்களில் அதுதான் டிவி. இலங்கையின் பிதுருதலாகல மலை 2,524 மீட்டர், அதன் உச்சியில் டவர், நம் கரையில் உள்ள உவரியிலிருந்து கிட்டத்தட்ட 350 கிலோமீட்டர். கணக்குப்படி வரவே கூடாது. ஆனால் நடுவில் இருப்பது கடல், காற்று அசையாத வெக்கை நாட்களில் தண்ணீரை ஒட்டிய ஈரக்காற்றுக்கு மேலே சூடான காற்று மூடி போட்டதுபோல நிற்கும், சிக்னல் அந்த இடுக்கிலேயே வளைந்து வந்து நம் கரையில் ஏறிவிடும். காற்று ஓங்கி அடித்தால் படம் போச்சு, வெறும் புள்ளிதான்.

எங்கள் மாமா பனைமரத்தில் பைப்பைக் கட்டி ஆன்டெனா வைத்திருந்தார். அவர் மேலே நின்று திருப்புவார், வாசலில் அத்தை, ஜன்னலில் நான். "வருதா?" "வரல!" "இப்பம்?" "கோடு கோடா வருது மாமா!" என்று மூன்று பேர் கைமாற்றித்தான் பதில் மேலே போகும். சிங்களம் ஒரு வார்த்தை தெரியாது, ஆனாலும் விளம்பரம் வரைக்கும் உட்கார்ந்து பார்ப்போம்.

அது யாருக்கும் நஷ்டமில்லாத காரியம், சும்மா வந்து விழுந்ததைப் பார்த்தோம். ஆனால் அதே தெருவில் ஒருவர் பூஸ்டர் வைத்து, ஐந்தாறு வீட்டுக்கு வயர் இழுத்து, மாதாமாதம் காசு வாங்க ஆரம்பித்தார் பாருங்கள், உங்கள் கேபிள்காரர் அவருடைய வாரிசு. 100 ரூபாயை நிறுத்துங்கள். ஒருநாள் மிஷின் போனால் உங்கள் சீரியலும் சேர்ந்துதான் போகும்.

கேள்வி: துபாயில் இருக்கிற தம்பி ஊரிலிருந்து டிடிஎச் பாக்ஸ் கேட்கிறான். கொடுத்து விடலாமா? (வாசகி, மேலப்பாளையம்)

பதில்: வேண்டாம்மா. படம் வரத்தான் செய்யும், சேட்டிலைட்டுக்கு எல்லைக்கோடு தெரியாது. யாழ்ப்பாணத்துக் கூரைகளில் நம் ஊர் டிஷ் நிற்பது இதனால்தான். ஆனால் இங்கே டிடிஎச் கம்பெனிக்குக் கொடுத்திருக்கும் லைசென்ஸ் இந்தியாவுக்குள் மட்டும், சேனல் உரிமையை நாடு நாடாகப் பிரித்துத்தான் விற்கிறார்கள். அங்கேயே தமிழ்ச் சேனல் பேக்கேஜ் கிடைக்கிறது, அதை வாங்கச் சொல்லுங்கள். பெட்டியில் அந்த இடத்துக்கு அல்வா வையுங்கள்.

கேள்வி: என் டீக்கடையில் மேட்ச் நாளில் போனில் உள்ள ஆப்பை டிவியில் போடுகிறேன். தப்பா? (வாசகர், அம்பாசமுத்திரம்)

பதில்: டிக்கெட் போட்டால் 37-ஆவது பிரிவு நேராக வந்து நிற்கும். (மேட்ச் அன்றைக்கு மட்டும் டீயில் 2 ரூபாய் ஏற்றாதீர்கள், அதுவும் டிக்கெட் மாதிரிதான்.) சும்மா காட்டினாலும், ஆப் சந்தா சொந்த உபயோகத்துக்கு என்றுதான் கொடுத்திருப்பார்கள், கடைக்கு என்றால் தனிக் கணக்கு.

ஒரு வழி சொல்கிறேன். 2007-இல் வந்த சட்டப்படி, தேசிய முக்கியத்துவம் உள்ளவை என்று அரசு அறிவித்த மேட்ச்களை உரிமை வாங்கிய கம்பெனி தூர்தர்ஷனோடு பகிர வேண்டும். அந்தப் படம் தூர்தர்ஷன் டவரிலும், தூர்தர்ஷனின் இலவச டிடிஎச்சான ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டும்தான் போகலாம், கேபிள்காரருக்கு இல்லை என்று 2017-இல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. ஐ.பி.எல். இதில் வராது, இந்திய ஆண்கள் அணி ஆடுகிற ஒருநாள், டி20 கிரிக்கெட் வரும். அதனால் கடைக்கு ஃப்ரீ டிஷ் வையுங்கள், மாதச் சந்தா கிடையாது, டிஷ்ஷும் பாக்ஸும் வாங்குகிற செலவுதான். அதன் சேட்டிலைட் கிழக்கே 93.5 டிகிரியில் நிற்கிறது, நம் ஊரிலிருந்து கிழக்கும் தெற்கும் கலந்த மூலையில், நன்றாக மேலே நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள். எங்கள் மாமா பைப்பைத் திருப்பியதும் ஏறத்தாழ அதே மூலைக்குத்தான்.