எஸ்ஸனில் பழைய சுரங்கத்தைப் பார்ப்பது எப்படி?

வாசகர் கேள்வி: நானும் மனைவியும் அக்டோபரில் டூசல்டார்ஃப் நகரிலுள்ள மகன் வீட்டுக்குச் செல்கிறோம். நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். ஆகவே, அருகிலிருக்கும் எஸ்ஸன் நகரின் நிலக்கரிச் சுரங்கத்தைப் பார்க்க ஆசை. "மூடிக் கிடக்கும் தொழிற்சாலையில் பார்க்க என்ன இருக்கிறது?" என்கிறான் மகன். இரண்டு நாள் ஒதுக்கலாமா? மனைவிக்கு மூட்டுவலி உண்டு, இருவரும் சைவம்.

பதில்: தாராளமாக ஒதுக்கலாம். ஆனால் உங்கள் மகன் கேட்பதும் நியாயமான கேள்விதான். எஸ்ஸன் ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து, கடைவீதியில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, இதற்காகவா வந்தோம் என்று முகம் சுளித்துத் திரும்பியவர்கள் பலர். க்ருப் நிறுவனத்தின் எஃகு ஆலைகளும் ஆயுதத் தொழிற்சாலைகளும் இங்கே இருந்த காரணத்தால், இரண்டாம் உலகப் போரில், குறிப்பாக 1943 மார்ச்சுக்குப் பிறகு, நேச நாடுகளின் விமானங்கள் இந்த நகரைத் திரும்பத் திரும்பத் தாக்கின. இன்று நகர மையத்தில் நிற்பவற்றில் பெரும்பாலானவை போருக்குப் பின் எழும்பியவை. பழைய தெருக்களில் காலாற நடந்து ரசிக்கும் ஊர் அல்ல இது. பார்க்க வேண்டியவை மையத்துக்கு வெளியே சிதறிக் கிடக்கின்றன. அவையும் யாராவது விளக்கிச் சொன்னால்தான் புரியும். ஆகவே, குறைந்த இடங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் நிறைய நேரம் செலவிடுங்கள். நிலக்கரி எந்த வழியாகப் போயிற்றோ அந்த வழியாகவே நீங்களும் போங்கள்.

முதல் நாள் முழுவதையும் ட்சோல்ஃபெராயின் சுரங்கத்துக்குக் கொடுங்கள். எஸ்ஸன் தலைமை ரயில் நிலையத்திலிருந்து 107 எண் டிராம் அதன் வாசலருகே சென்று நிற்கிறது. ஃபிரான்ஸ் ஹானியல் என்ற தொழிலதிபர் 1847-இல் தொடங்கிய இந்தச் சுரங்கத்துக்கு, 1834-இல் ஜெர்மானிய அரசுகள் தமக்குள் அமைத்துக்கொண்ட சுங்க ஒன்றியத்தின் பெயரையே வைத்தார்கள். இன்று எல்லோரும் படம் எடுக்கும் 12-ஆம் எண் சுரங்கக் கோபுரம் 1932-இல் இயங்கத் தொடங்கியது. ஃபிரிட்ஸ் ஷுப், மார்ட்டின் கிரெமர் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் இரும்புச் சட்டங்களுக்கு இடையே செங்கல்லை நிரப்பி, அலங்காரம் ஏதுமின்றி, ஆனால் ஓர் அரண்மனை முற்றத்துக்குரிய சமச்சீரோடு இந்த வளாகத்தை அமைத்தார்கள். 55 மீட்டர் உயரமுள்ள இந்த இரட்டைக் கோபுரம், நாளொன்றுக்கு 12,000 டன் நிலக்கரியை மேலே தூக்குவதற்காகக் கட்டப்பட்டது. எண்ணெயோடும் இறக்குமதி நிலக்கரியோடும் போட்டியிட முடியாமல் 1986 டிசம்பரில் சுரங்கம் மூடப்பட்டது. இடித்துப் பழைய இரும்பாக விற்றிருக்க வேண்டிய இந்த இடத்தை மாநில அரசு வாங்கிப் பாதுகாத்தது; 2001-இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

வளாகத்துக்குள் நடக்கக் கட்டணமில்லை. அதனாலேயே பலர் கோபுரத்தின் முன் நின்று நான்கு படங்கள் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். முதல் முறை நானும் அதைத்தான் செய்தேன். இயந்திரங்கள் இருக்கும் கட்டடங்களுக்குள் வழிகாட்டியோடுதான் நுழைய முடியும் என்பது பிறகுதான் தெரிந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நடக்கும் அந்தச் சுற்றுதான் உங்கள் பயணத்தின் உயிர்நாடி. கீழேயிருந்து வந்த தள்ளுவண்டிகள் எங்கே கவிழ்க்கப்பட்டன, சாய்வான பாலங்களுக்குள் ஓடிய பட்டைகள் நிலக்கரியை எப்படிக் கழுவு கூடத்துக்குக் கொண்டுபோயின, தண்ணீரில் கனமான கல் அடியில் தங்க, இலேசான நிலக்கரி மேலே நிற்கும் எளிய இயற்பியலை வைத்து இரண்டையும் எப்படிப் பிரித்தார்கள் என்பதையெல்லாம் இடத்திலேயே காட்டி விளக்குகிறார்கள். கழித்துக் கட்டிய பஞ்சையும் நூலையும் முப்பது ஆண்டுகள் பார்த்த உங்களுக்கு இந்தப் பகுதி மிகவும் பிடிக்கும் என்று நினைக்கிறேன். பெரும்பாலான சுற்றுகள் ஜெர்மன் மொழியில் நடப்பவை. ஆங்கிலச் சுற்றுகள் குறைவு என்பதால், தேதியை முடிவு செய்யும் முன்பே இணையத்தில் பார்த்து முன்பதிவு செய்துகொள்ளுங்கள். படிகள் அதிகம், பல இடங்களில் தரையே இரும்புக் கம்பி வலைதான். ஆகவே, மூட்டுவலி உள்ளவர்களுக்கு ஏற்ற சுற்று இருக்கிறதா என்று பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்வது அவசியம். குதிகால் உயர்ந்த செருப்பு வேண்டவே வேண்டாம்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: ட்சோல்ஃபெராயினில் பூமிக்கு அடியில் இறங்க முடியாது. இறங்கிப் பார்த்த உணர்வு வேண்டும் என்றால், ரயிலில் சற்றுத் தள்ளியிருக்கும் போஹும் நகரின் ஜெர்மன் சுரங்க அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம். அங்கேயும் கீழே இருப்பது உண்மையான சுரங்கம் அல்ல, பார்வையாளர்களுக்காகவே தோண்டிய மாதிரிச் சுரங்கம். இருந்தாலும் இயந்திரங்கள் உண்மையானவை.

மனைவி அந்தச் சுற்றுக்கு வர இயலாவிட்டாலும் அவருக்கு அலுப்பு ஏற்படாது. ரூர் என்று அழைக்கப்படும் இந்தச் சுரங்க வட்டாரத்தின் கதையைச் சொல்லும் ரூர் அருங்காட்சியகம் இப்போது கழுவு கூடத்துக்குள்ளேயே இருக்கிறது. கட்டடத்துக்கு வெளியே நீண்டு நிற்கும் ஒரு நகரும் படிக்கட்டு தரையிலிருந்து 24 மீட்டர் உயரத்துக்கு நம்மைக் கொண்டுபோய் விடுகிறது. நிலக்கரியும் இப்படித்தான் மேலே போய், அங்கிருந்து தளம் தளமாகக் கீழே இறங்கியது. நாமும் நிகழ்காலம், நினைவுகள், வரலாறு என்று மூன்று தளங்களைக் கண்டபடி இறங்குகிறோம். ஆரஞ்சு விளக்குகள் பதித்த உள் படிக்கட்டு உருக்கிய எஃகு வழிவதைப் போலத் தோன்றும். பழைய கொதிகலன் கூடத்தில், நல்ல வடிவமைப்புக்குப் பரிசு பெற்ற பொருட்களைக் காட்டும் ரெட் டாட் அருங்காட்சியகம் இருக்கிறது; அதை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர். நாற்காலியும் கெட்டிலும் கொதிகலன்களுக்கு நடுவே தொங்குகின்றன. எனக்கு அதில் பொருட்களைவிடக் கொதிகலன்கள்தாம் சுவாரஸ்யம்.

மாலையில் கற்கரி ஆலைப் பக்கம் நடந்துவிட்டு வாருங்கள். தரை சமமானது, மனைவிக்கும் சிரமம் இராது. காற்றுப் படாமல் நிலக்கரியை 1,000 டிகிரிக்கு மேல் சூடாக்கி, எஃகு ஆலைக்குத் தேவையான கற்கரியாக மாற்றிய 304 அடுப்புகள் அரைக் கிலோமீட்டருக்கும் மேல் வரிசையாக நிற்கின்றன. இந்த ஆலை 1993-இல் மூடப்பட்டது. குளிர்காலத்தில் அடுப்புகளின் அருகே இருக்கும் நீர்த்தடத்தில் பனிச்சறுக்குத் தளம் அமைப்பார்கள். நீங்கள் போகும் அக்டோபரில் அந்த நீர்த்தடம் அமைதியாக இருக்கும், அடுப்புகளின் நிழல் அதில் விழும்.

இரண்டாம் நாள் காலையில் எஃகு முதலாளி க்ருப்பின் வீட்டைப் பாருங்கள். டூசல்டார்ஃபிலிருந்து எஸ்6 என்ற புறநகர் ரயிலே நேராக எஸ்ஸன் ஹ்யூகல் நிலையத்தில் நிற்கும். நகருக்குள் போய் மாற வேண்டியதில்லை. அங்கிருந்து சற்று ஏறினால் ஆல்ஃபிரட் க்ருப் 1873-இல் கட்டி முடித்த, 269 அறைகள் கொண்ட வில்லா ஹ்யூகல் மாளிகை. தீயைக் கண்டால் அவருக்கு அப்படியொரு பயம். அதனால் கட்டுமானத்தில் மரத்தைத் தவிர்த்து இரும்பையும் கல்லையும் நம்பினார். க்ருப்பின் மூன்று வளையச் சின்னத்தைப் பீரங்கிக் குழாய்கள் என்றே பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அவை ஒட்டுப் போடாமல் செய்த ரயில் சக்கர வளையங்கள். அந்தக் குடும்பத்தின் செல்வத்துக்கு அடித்தளம் இட்டவை அவைதாம். பீரங்கியும் பின்னால் வந்தது என்பதையும், போரின்போது அடிமைத் தொழிலாளரை வேலை வாங்கிய குற்றத்துக்காக அவருடைய கொள்ளுப்பேரன் ஆல்ஃபிரீட் க்ருப் 1948-இல் நியூரம்பர்கில் 12 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்று, 1951-இலேயே விடுதலையானார் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு அந்த அறைகளைப் பார்ப்பது நல்லது. திங்கட்கிழமை இங்கே போகாதீர்கள். ஜெர்மனியில் பல அருங்காட்சியகங்களுக்கு அன்று விடுமுறை, இந்த மாளிகைக்கும் அப்படியே.

பிற்பகலில் டூயிஸ்பர்க் நகருக்குச் செல்லுங்கள். தலைமை ரயில் நிலையத்திலிருந்து 903 எண் டிராமில் ஏறினால் லாண்ட்ஷாஃப்ட்ஸ்பார்க் என்ற பூங்கா வரும். 1985-இல் மூடிய இரும்பு உருக்காலையை இடிக்காமல், துருவையும் செடிகளையும் அப்படியே வளரவிட்டு, பீட்டர் லாட்ஸ் என்ற நிலவடிவமைப்பாளர் இதைப் பூங்காவாக்கினார். நுழைவுக் கட்டணம் இல்லை. ஊது உலை ஒன்றின் உச்சிவரை ஏறலாம். பழைய எரிவாயுக் கொள்கலத்தில் நீர் நிரப்பி முக்குளிப்புப் பயிற்சி கொடுக்கிறார்கள். கீழேயே உட்கார்ந்திருந்தாலும் நஷ்டமில்லை. எம்ஷர் ஆற்றின் பழைய கிளை ஒன்று பூங்காவுக்குள் ஓடுகிறது. சுரங்கம் தோண்டத் தோண்ட நிலம் அமிழ்ந்து, புதைத்த குழாய்கள் உடைந்ததால், நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்தப் பகுதியின் கழிவுநீர் முழுவதும் எம்ஷரில் திறந்தபடியே ஓடியது. சுரங்கங்கள் ஓய்ந்த பிறகே நிலத்தடிக் குழாய் பதிக்க முடிந்தது. 2022 தொடக்கத்திலிருந்துதான் எம்ஷரில் கழிவுநீர் கலப்பதில்லை. தாழ்ந்துபோன நிலத்தில் தண்ணீர் தேங்காமலிருக்க இன்றும் ஓயாது இறைப்பான்கள் ஓடுகின்றன. ஜெர்மனியின் கடைசி நிலத்தடி நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. இறைப்பான்களை நிறுத்தத்தான் வழியில்லை. பராமரிப்புத் துறைக்காரர் என்ற முறையில், உங்களுக்கு இது தனியாக விளக்கத் தேவையில்லாத செய்தி. இருட்டியபின் உலைகள் மீது வண்ண விளக்குகள் எரியும் நாள்களும் உண்டு. எந்தக் கிழமை என்று முன்கூட்டியே பார்த்துக்கொண்டால் அதற்கேற்பத் திட்டமிடலாம். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள். அதற்குப் பிறகு போனால் ஐந்தரை மணிக்கே இருட்டிவிடும்.

போக்குவரத்துக்குத் தனித்தனி டிக்கெட் எடுக்க வேண்டாம். டூசல்டார்ஃப், எஸ்ஸன், டூயிஸ்பர்க் மூன்றும் விஆர்ஆர் என்ற ஒரே போக்குவரத்துக் கூட்டமைப்புக்குள் வருவதால், 24 மணி நேர டிக்கெட் ஒன்றே ரயிலுக்கும் டிராமுக்கும் போதும். அதை வைத்துக்கொண்டு ஐசிஇ விரைவு ரயிலில் மட்டும் ஏறிவிடாதீர்கள், செல்லாது. மழைக்கோட்டு அவசியம், குடை அந்தத் திறந்தவெளிக் காற்றில் நிற்காது.

சாப்பாட்டைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்பட வேண்டாம். உள்ளூர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வது கறிவூர்ஸ்ட் என்ற பன்றி இறைச்சித் துண்டைத்தான். அது உங்களுக்கு ஆகாது. ஆனால் ஜெர்மனியும் துருக்கியும் 1961-இல் செய்துகொண்ட தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பிறகு துருக்கியிலிருந்து தொழிலாளர்கள் இந்தச் சுரங்கங்களுக்கு வந்ததால், எந்தத் தெருவிலும் ஒரு துருக்கி உணவகம் இருக்கும். அங்கே துவரம்பருப்பு ரசத்துக்குத் தூரத்து உறவு போன்ற பருப்பு சூப்பும் ரொட்டியும் கிடைக்கும். சூப்பில் இறைச்சிச் சாறு சேர்க்கிறார்களா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

மூன்றாவதாக ஒரு நாள் கிடைத்தால், ரூர் பகுதியின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் ஹாம் நகருக்குப் போய்வாருங்கள். இலங்கைத் தமிழர்கள் கட்டிய காமாட்சி அம்மன் கோயில் அங்கே, அதுவும் ஒரு தொழிற்பேட்டைக்குள், 17 மீட்டர் கோபுரத்தோடு நிற்கிறது. குடமுழுக்கு 2002-இல் நடந்தது. தேர்த்திருவிழா கோடையின் தொடக்கத்தில் நடப்பதால் உங்களுக்குக் கிடைக்காது. கோயில் ரயில் நிலையத்திலிருந்து தள்ளி இருக்கிறது; நடை திறக்கும் நேரத்தையும் பேருந்து நேரத்தையும் மகனை விசாரித்துவைக்கச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.