குளிர்காலத்தில் நீச்சல் குளக் கருவிகளை உள்ளே வைத்தல்: கேள்வி பதில்

கேள்வி: பம்பைக் கழற்றி உள்ளே கொண்டுவந்துவிட்டால் உறைபனியிலிருந்து தப்பிவிடுமா?

பதில்: அதனுள் தேங்கிய நீரை வடிக்காவிட்டால் தப்பாது. நீர் உறையும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுவதால், வெப்பமூட்டப்படாத கொட்டகைக்குள் வைத்த பம்பின் வெளிக்கூடும் ஒரே இரவில் பிளந்துவிடக்கூடும். முதலில் மின்சாரத்தைத் துண்டியுங்கள். பெரும்பாலான பம்புகளில் குப்பையைப் பிடிக்கும் கூடை இருக்கும் பகுதியின் அடியில் ஒன்றும் சுழலி இருக்கும் பகுதியின் அடியில் ஒன்றுமாக இரண்டு வடிதிருகுகள் உண்டு. பலர் முதலாவதை மட்டும் திறந்துவிட்டு, நீர் நின்றதும் வேலை முடிந்ததாக எண்ணிவிடுகிறார்கள். கழற்றிய திருகுகளைக் கூடைக்குள்ளேயே போட்டு வைத்தால் அவை தொலையாது.

கேள்வி: மணல் வடிகட்டியையும் உள்ளே கொண்டுவர வேண்டுமா?

பதில்: வேண்டாம். மணலோடு அதைத் தூக்க இயலாது. அடியிலுள்ள திருகைத் திறந்து நீரை வடித்துவிட்டு, அழுத்தமானியை மட்டும் கழற்றி உள்ளே வையுங்கள்.

கேள்வி: ரப்பர் வளையங்களுக்கு வாசலின் தடவலாமா?

பதில்: தடவாதீர்கள். பெட்ரோலியப் பொருள்கள் பல வகை ரப்பரை உப்பச் செய்யும். சிலிகோன் கிரீஸ் பயன்படுத்துங்கள்.

கேள்வி: குளோரின் மாத்திரை வாளியையும் அமிலக் குடுவையையும் பம்பு இருக்கும் அறையிலேயே வைக்கலாமா? மூடிகள் இறுக்கமாகவே உள்ளன.

பதில்: கூடவே கூடாது. அமிலமும் குளோரின் சேர்மமும் கலந்தால் நச்சு வாயு எழும். கலக்காவிட்டாலும் அவற்றின் ஆவி உலோகத்தை அரிக்கும்.

கேள்வி: நான் பல ஆண்டுகளாக அப்படித்தான் வைத்திருக்கிறேன், ஐயா, ஒன்றும் நேரவில்லை. தாங்கள் தேவையின்றி அச்சுறுத்துகிறீர்கள்.

பதில்: உங்கள் மோட்டாரின் மின்முனைத் திருகுகளைத் திறந்து பாருங்கள், பச்சையாகவோ துருவேறியோ இருந்தால் ஏதோ நேர்ந்துகொண்டுதான் இருக்கிறது. திரவக் குளோரின் தானாகவே சிதைந்து வாயுவை வெளியிடுவதால், பல குடுவைகளின் மூடியில் அந்த வாயு வெளியேற வழி வைத்தே தயாரிக்கிறார்கள். ஆகவே இறுக்கமான மூடி என்ற வாதம் நிற்காது. இதைவிடப் பெரிய ஆபத்து, கால்சியம் ஹைப்போகுளோரைட்டையும் டிரைகுளோர் மாத்திரையையும் ஒன்றாகப் போடுவது. இரண்டையும் குளோரின் என்றே அழைப்பதால் மீதமானவற்றை ஒரே வாளியில் கொட்டிவிடுகிறார்கள். அந்தக் கலவை தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். ஒன்றை அள்ளிய கரண்டியால் மற்றொன்றைத் தொடக்கூடாது என்பதையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி: அப்படியானால் அமிலத்தை மேல் தட்டிலும் குளோரினைக் கீழ்த் தட்டிலும் வைக்கலாமா?

பதில்: மேலிருப்பது கசிந்தால் எங்கே விழும் என்று எண்ணிப் பாருங்கள். அமிலத்துக்கு வேறு இடம் தேடுங்கள். இரண்டுமே கருவிகளிடமிருந்து விலகி, உலர்ந்த, காற்றோட்டமுள்ள, பூட்டிய இடத்தில் இருக்கட்டும்.

கேள்வி: நீரின் அமில, காரத் தன்மையை அளக்கும் பிஎச் உணர்முனையை நன்றாகத் துடைத்துக் காயவைத்து எடுத்து வைத்தால் போதுமா?

பதில்: காயவைத்தால் கெட்டுவிடும். மற்றவற்றுக்கெல்லாம் உலர்வு நல்லது. இதற்கு மட்டும் ஈரம் தேவை. முனையைப் பொட்டாசியம் குளோரைடு சேமிப்புக் கரைசலில் மூழ்கவைத்து, உறையாத அறையில் வையுங்கள். காய்ச்சி வடித்த நீர் இதற்கு உதவாது.

கேள்வி: கொட்டகையில் வைக்கும் பம்பையும் வடிக்க வேண்டுமா?

பதில்: முதல் பதிலிலேயே சொல்லியாயிற்று, வடிக்க வேண்டும்.

கேள்வி: எரிவாயு நீர்ச்சூடேற்றியை நானே கழற்றலாமா?

பதில்: எரிவாயு இணைப்பைத் தொடாதீர்கள், உரிமம் பெற்ற பணியாளரை அழையுங்கள்.

கேள்வி: குளோரின் வாளி சிறியதுதான். பம்பின் பக்கத்தில் வைத்தால்...

பதில்: சிறியதானாலும் வேண்டாம்.