பன்னாடை என்னும் நல்ல சொல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில், செம்மணல் மேடுகளான தேரிக்காட்டை ஒட்டிய ஒரு சிற்றூர். இப்போது இருப்பது பெங்களூரில். அபூர்வமான தமிழ்ச் சொற்களைத் தேடிச் சேர்ப்பது என் பழக்கம். தினமும் ஒரு சொல்லையும் அதன் பொருளையும் வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். போன வாரம் ‘காவோலை: முற்றிக் காய்ந்த பனையோலை’ என்று போட்டேன். வயதானவர்களை யாராவது கேலி செய்தால் என் ஆச்சி, “காவோலை விழக் குருத்தோலை சிரிச்சுதாம்” என்பாள். அந்த நினைவில்தான் போட்டேன். குழுவில் ஒருவர், “பனையையே பார்க்காதவர்களுக்கு இந்தச் சொல் எதற்கு? கேட்க அழகாக இருக்கிறது, வேறு என்ன பயன்?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ம., பெங்களூரு

அன்புள்ள ம.,

ஆச்சி சொன்னதையும் சேர்த்துப் போட்டிருந்தீர்களா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். போட்டிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

நீங்கள் போட்டது அகராதிப் பொருள். சரியானதுதான். ஆனால் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிவது வேறு. நட்ட நடுவில் ஈட்டி போலக் குருத்து நிற்கும். சுற்றிலும் பச்சோலைகள் விரிந்திருக்கும். அவற்றுக்கும் கீழே, பழுப்பேறிய ஓலைகள் மட்டையோடு தொங்கிக்கொண்டு காற்றில் சடசடக்கும். இன்றைய குருத்து வருஷங்கள் போகப் போகக் கீழே தள்ளப்பட்டு அந்த இடத்துக்குத்தான் வந்து சேரும். தினமும் பனையைப் பார்த்து வளர்ந்தவர்களிடம் ஆச்சி இதையெல்லாம் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

இனி உங்கள் நண்பரின் கேள்வி. அவரிடம் ‘பன்னாடை’ என்ற சொல் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். கண்டிப்பாகத் தெரிந்திருக்கும். பனையே இல்லாத தெருக்களிலும் அதைச் சொல்லித் திட்டுகிறார்கள். பன்னாடையைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள்தான் குறைவு.

ஓலை மட்டை மரத்தைப் பிடித்திருக்கும் இடத்தில், சாக்குத்துணி மாதிரி குறுக்கும் நெடுக்குமாக ஓடும் பழுப்பு நார்வலைதான் பன்னாடை. யாரும் நெய்வதில்லை, மரமே நெய்துகொள்கிறது. சிறுவனாக இருந்தபோது அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, தறியில்லாமல் இது எப்படி என்று வியந்திருக்கிறேன். எங்கள் பக்கத்துப் பனையேறி பதநீரை இறக்கி வந்ததும் பானை வாயில் பன்னாடையை விரித்துத்தான் ஊற்றுவார். பதநீர் கீழே போய்விடும். செத்த தேனீ, எறும்பு, பாளைத் துணுக்கு, சுண்ணாம்புக் கசடு எல்லாம் மேலே தங்கும். (பாளையில் கட்டிவிடும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவதால்தான் அது பதநீர். தடவாமல் விட்டால் புளித்துக் கள்ளாகிவிடும்.) நல்லதை நழுவவிட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்கிறவன் பன்னாடை. ஒரு மனிதனின் குணத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் வசவு தமிழில் அதிகம் இல்லை.

இது பாமரர் வசவு என்று ஒதுக்கவும் முடியாது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், மாணாக்கர்களைத் தரம் பிரிக்கிறது. அன்னமும் பசுவும் முதல் வகை. மண்ணும் கிளியும் இடை வகை. ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவை கடைசி வகை. நெய்யரி என்பதற்கு உரைகாரர்கள் தரும் பொருள் பன்னாடை. இலக்கண ஆசிரியர் பாடத்தில் சொன்னதும் தெருவில் ஒருவர் கோபத்தில் சொல்வதும் ஒரே உவமைதான். எனக்கு இது பெரிய சந்தோஷத்தைத் தருகிற விஷயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொல்காப்பியம் பனையை மரம் என்று சொல்வதில்லை. வெளிப்புறம் வைரம் பாய்ந்தது புல், உள்ளே வைரம் பாய்ந்தது மரம் என்பது அதன் பகுப்பு. அப்படிப் பார்த்தால் பனை புல் வகை. இன்றைய தாவரவியலும் பனையை, புல்லைப் போல, ஒருவித்திலைத் தாவரங்களோடுதான் சேர்க்கிறது. புல்லின் உறுப்புகளுக்கு உரிய பெயர்கள் என்று தொல்காப்பியம் தோடு, மடல், ஓலை, ஏடு, இதழ், பாளை, ஈர்க்கு, குலை என அடுக்கிச் சொல்கிறது. நிதானமாக ஒருமுறை படித்துப் பாருங்கள். ஓலையைச் சுருட்டிக் காதில் போட்டார்கள்; பொன்னில் செய்த பிறகும் அது தோடுதான். எழுதிய ஓலை ஏடானது. இன்றைக்குப் பத்திரிகையையும் ஏடு என்கிறோம், இதழ் என்கிறோம். நீங்கள் எனக்கு அனுப்பியிருப்பது மின்மடல். பனையைப் பார்க்காத உங்கள் நண்பரும் இந்தச் சொற்களை வைத்துக்கொண்டுதான் பேசுகிறார், எழுதுகிறார்.

ஆகவே பயன் என்ன என்று கேட்டால், அவர் தினமும் பேசுகிற தமிழின் அடியில் எது கிடக்கிறது என்று தெரிகிறதே, அதுதான் என்பேன். ஒலி அழகை நான் குறைத்துச் சொல்லவில்லை. ‘வடலி’ என்று சொல்லிப் பார்க்கும்போதே, இடுப்புயரத்துக்கு ஓலை விரித்து நிற்கும் இளம்பனை எனக்குத் தெரிகிறது. நாகர்கோவிலில் வடலிவிளை இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் வடலியடைப்பு இருக்கிறது. கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே சொல். ஆனால் எல்லாச் சொல்லும் அப்படி இல்லை. கிழங்குக்காக முளைக்கப் போட்ட பனங்கொட்டையை வெட்டினால் உள்ளே வெள்ளையாக, பஞ்சு போல, இனிப்பாக ஒன்று இருக்குமே, அதை நம் பக்கம் தவுன் என்போம். யாழ்ப்பாணத்தில் அது பூரான். நமக்குப் பூரான் என்றால் சுவரோரம் ஊர்கிற பல கால் பூச்சி! முதன்முதலில் ஒரு யாழ்ப்பாண நண்பர், சின்ன வயதில் பூரான் தின்றதைப் பற்றி ஆசையாகச் சொன்னபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் இருவரும் கையால் வடிவம் காட்டிக் காட்டி, இரண்டும் ஒரே தின்பண்டம் என்று கண்டுபிடித்தோம். அந்தப் பொழுதை நான் மறக்கவில்லை.

அதனால் ஒரு யோசனை. தினம் ஒரு சொல் வேண்டாம், வாரம் ஒன்று போதும். பொருளோடு நிறுத்தாமல் அதை யார், எதைச் செய்யும்போது சொன்னார்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். காவோலைக்கு ஆச்சியைச் சேருங்கள். தவுனுக்கு அது எந்த மாதத்தில், யார் வெட்டித் தந்தது என்று சேருங்கள். படம் கிடைத்தால் அதையும்.

எனக்கும் ஒரு உதவி வேண்டும். நுங்கு முற்றித் தின்ன முடியாமல் போய்விட்டால் சீக்காய் என்று கேட்டிருக்கிறேன். அதற்கும் பழத்துக்கும் நடுவே வெவ்வேறு பருவங்களுக்கு உங்கள் தேரிப் பக்கத்தில் வேறு பெயர்கள் உண்டா? அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, பனையேறிய பெரியவர் யாராவது இருந்தால் கேட்டு எழுதுங்கள். அவர் சொல்கிற உச்சரிப்பிலேயே எழுதுங்கள், திருத்த வேண்டாம்.

அன்புடன்.