பழைய வெப்லிக்கு வீட்டில் தோட்டா நிரப்புதல்: கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவில் ஏலத்தில் எடுத்த வெப்லி மார்க் 6 ரிவால்வரில் .45 ஏசிபி (தானியங்கிக் கைத்துப்பாக்கிக்கான தோட்டா), அதைப் பிடித்து வைக்கும் கிளிப் என்ற தகட்டோடு சரியாகப் பொருந்துகிறது. கடைத் தோட்டாவையே சுடலாமா?

பதில்: சுடாதீர்கள். 1915-இல் பிரிட்டிஷ் இராணுவம் ஏற்றுக்கொண்ட இந்த ரிவால்வர் .455 தோட்டாவுக்காகச் செய்யப்பட்டது. பின்னாளில் அமெரிக்காவுக்கு வந்தவற்றில் பலவற்றை, அங்கே எளிதில் கிடைத்த ஏசிபி தோட்டா உட்காரும்படி, சுழல் உருளையின் பின்பக்கத்தைச் சீவி விற்றார்கள். ஆனால் பொருந்துவது வேறு, தாங்குவது வேறு. .455 தோட்டாவின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 13,000 பவுண்டு. ஏசிபிக்கோ 21,000 வரை அனுமதி உண்டு. நூறாண்டு கடந்த இரும்பின்மீது அந்தச் சுமையை ஏற்றுவது எனக்குச் சம்மதமில்லை.

கேள்வி: அப்படியானால் சீவிய உருளைக்கு எதை நிரப்புவது?

பதில்: 1920-இல் வந்த .45 ஆட்டோ ரிம் கூடு (வெடிமருந்தும் குண்டும் வைக்கும் உலோக உறை) நல்லது. அதன் விளிம்பு தடிமனானது என்பதால் கிளிப் தேவைப்படாது. வெடிமருந்தின் அளவை, .455-இன் அழுத்தத்தைத் தாண்டாத, அச்சில் வந்த கையேட்டு அட்டவணையிலிருந்து மட்டும் எடுங்கள்.

கேள்வி: என் ரிவால்வரில் குண்டுகள் இலக்கில் சிதறி விழுகின்றன. காரணம் என்ன?

பதில்: வெப்லிகளில் உருளை அறையின் வாய் குழலின் உள்விட்டத்தைவிடக் குறுகியிருப்பது வழக்கம். அடிப்பகுதி குழிந்த மெல்லிய ஈயக் குண்டானால், வெடிமருந்தின் வாயு அதை விரித்துக் குழலின் உட்புறச் சுருள் வரிகளைப் பற்றிக்கொள்ளச் செய்யும். கெட்டியான குண்டு விரியாமல் தள்ளாடிப் போகும்.

கேள்வி: புதிதாகத் தொடங்குகிறேன். எதற்கு அதிகம் அஞ்ச வேண்டும்?

பதில்: ஒரே கூட்டில் இருமுறை மருந்து விழுவதற்கு. வேகமாக எரியும் மருந்து கூட்டின் அடியில் கொஞ்சமாகக் கிடப்பதால், இரண்டாம் முறை கொட்டினாலும் வழியாது. ஒருமுறை நிரப்பிக்கொண்டிருக்கையில் தொலைபேசி அழைக்க, எழுந்து போய்த் திரும்பினேன். குண்டு வைக்குமுன், மரக்கட்டையில் நின்ற ஐம்பது கூடுகளின்மேல் விளக்கைச் சாய்த்துப் பார்த்தபோது, மூன்றாம் வரிசையில் ஒன்றில் மட்டும் மருந்து மேலேறி நின்றது. ஐம்பதையும் கவிழ்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். அதைச் சுட்டிருந்தால் உருளை பிளந்திருக்கக்கூடும். இடையில் எழ நேர்ந்தால், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

கேள்வி: பெயர்ச்சீட்டு இல்லாத பழைய மருந்து டப்பா ஒன்று இருக்கிறது. பயன்படுமா?

பதில்: பயன்படாது. நிறத்தையும் துகளையும் பார்த்து எந்த மருந்தையும் அடையாளம் காண முடியாது.