சம்பளம் அப்பா கையில இருக்கா, முதல்ல நம்பரை பாருங்க

22 வயசு, வேலைக்கு போறேன், ஆனா ஏடிஎம் கார்டும் ஓடிபி வர்ற போனும் அப்பாகிட்டன்னு எழுதியிருக்கீங்க சிஸ்டர். கார்டுக்கு சண்டை போடுறதுக்கு முன்னாடி ஆதார்ல யார் போன் நம்பர் இருக்குன்னு பாருங்க, அவர் நம்பர்னா ஆதார் சென்டருக்கு போய் மாத்திடுங்க, இல்லேன்னா பேங்க் கேஒய்சி, பிஎஃப்னு எது பண்ணாலும் ஆதார் ஓடிபி அவருக்குத்தான் போகும். அப்புறம் வேற பேங்க்ல உங்க பேர்ல மட்டும் ஒரு அக்கவுண்ட் ஆரம்பிங்க, 18 தாண்டிட்டா அப்பா கையெழுத்தெல்லாம் வேணாம், ஆதாரும் பான் கார்டும் போதும், மினிமம் பேலன்ஸ் இல்லாத பேசிக் சேவிங்ஸ் அக்கவுண்ட்டே கேளுங்க. அந்த அக்கவுண்ட் நம்பரை ஹெச்ஆர்கிட்ட குடுத்து, சம்பளத்தை இனிமே அதுல போடச் சொல்லுங்க.

சம்பள மெசேஜ் நின்னதும் அப்பாவுக்கு தெரிஞ்சிடும், மறைக்கவெல்லாம் முடியாது. அம்மாகிட்ட முன்னாடியே சொல்லி வைங்க, வீட்டுக்கு குடுக்குற பணத்தை அப்பா கேக்குறதுக்கு முன்னாடி நீங்களே அனுப்பிடுங்க, பாதி கோவம் அதுலயே அடங்கும்.